தேரில்லாத வடம்

மாட்டைக் கட்டும் கயிறு மனிதர்களையும் காப்பாற்றும் என்று நம்பிய ஒரே குமாஸ்தா, காஞ்சிபுரம் தாலுகா ஆபீஸில் நான்தான். யோசனை உதித்த காலையில் என்னை நானே மெச்சிக்கொண்டு கூடுதலாக ஒரு காபி வேறு குடித்தேன்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தை மெட்ராஸ் கேம்பிலிருந்து ரயிலில் அழைத்து வந்து, சின்ன காஞ்சிபுரத்துச் சத்திரம் ஒன்றில் சேர்ப்பது என் டியூட்டி. தாசில்தார் சொல்லி அனுப்பினார்: "யோவ், ஒரு ஆள் தொலைஞ்சாலும் நீ ஆபீஸ் பக்கம் வராத."

நாங்கள் வந்து இறங்கிய அன்று பெருமாள் கோயில் தேர். தெருவெல்லாம் தலைகள். என்னோடு வந்தவர்களில் மா டின் என்ற பர்மியப் பெண்ணும் இருந்தாள், இடுப்பில் சிவப்புத் துணியில் சுற்றிய கைக்குழந்தை. கணவன் மாரிமுத்து தமிழன். அடுத்த கப்பலில் வரவேண்டியவன். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம்.

கூட்ஸ் ஷெட்டில் நீளமான தேங்காய்நார்க் கயிறு ஒன்றை இரவல் வாங்கினேன். "எல்லாரும் இத புடிச்சிக்கினு வாங்க, யாரும் தொலைய மாட்டீங்க" என்றேன். மா டின்னுக்குக் கடைசி நுனியைக் கையில் கொடுத்து, விடாதே என்று சைகை காட்டினேன். முதல் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

தேர் நாளில் கயிற்றைக் கண்டால் எங்கள் ஊர் ஜனம் என்ன செய்யும் என்பது, இங்கேயே பிறந்த எனக்கு உறைக்கவில்லை. பின்னால் "வடம்! வடம்!" என்று சத்தம். நான் இழுத்த கயிறு என்னைத் தள்ளத் தொடங்கியது. 'நம்மாட்களுக்கு என்ன உற்சாகம்!' என்று பூரித்தபடி, குறுக்குச் சந்து வழியாகச் சத்திர வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டியவரை கயிற்றில் இருந்தவர்கள், நாமமும் வியர்வையுமாகக் கூரம் கிராமத்து விவசாயிகள்.

"இன்னாபா, வடம் இருக்குது, தேர் எங்க?" என்றார் ஒருவர்.

"இத புடிச்சிருந்தவங்க எங்கங்க?"

"வெளியூர் ஜனம் போலக்குது. கொஞ்சம் வுடும்மான்னோம், வுட்டுட்டாங்க."

சிரித்தபடி கயிற்றைப் போட்டுவிட்டுப் போனார்கள். வந்த சந்தில் கூட்டம் அடைத்திருந்ததால் நான் பெரிய தெரு வழியாக ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அங்கே யாருமில்லை. சத்திரத்துக்குத் திரும்பினால், தமிழ் பேசத் தெரிந்தவர்கள் வழி கேட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். மா டின்னும் குழந்தையும் மட்டும் வரவில்லை. கூட்டத்தில் மூத்தவரான சுப்பையா என் சட்டையைப் பிடிக்காத குறை. "மாரிமுத்து வந்து பொண்டாட்டி புள்ள எங்கன்னு கேட்டா, கயித்தக் காட்டுவீங்களா சார்?"

மறுபடி ஓடினேன். ஸ்டேஷன், தேரடி, போலீஸ் அவுட்போஸ்ட். கோயில் குளத்தில் ஒரு சிவப்புத் துணி மிதந்ததைப் பார்த்துப் படியிறங்கி ஓடினேன். யாரோ நழுவவிட்ட துண்டு. யாராவது விசாரித்தால்கூட அவளுக்குப் பதில் சொல்ல வராதே.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கூட்டத்துக்கு முன்னால் நடக்காதீர்கள். கடைசி ஆளுக்கும் பின்னால் நடங்கள். முன்னால் நடந்தால் தலைவர் மாதிரி தோன்றும். அதைத் தவிர வேறு பிரயோஜனமில்லை.

வெறுங்கையோடு சத்திரத்துக்குத் திரும்பினேன். கயிற்றையாவது ஒப்படைப்போம் என்று வாசலில் நின்று சுருட்டினேன். பாதிக்கு மேல் வரவில்லை. இழுத்தேன். அந்தப் பக்கமிருந்தும் யாரோ இழுத்தார்கள்.

கயிற்றோடு சந்துக்குள் போனேன். சுவரோரம் மா டின் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. கயிற்றின் நுனியை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள்.

"ஏம்மா, எல்லாரும் வுட்டுட்டாங்களே, நீ இன்னும் புடிச்சிக்கினே இருக்கியே!" என்றேன், அழாத குறையாக.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ விடச் சொல்லல."