மஞ்சள் நைலோன் கயிறு

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் விமானம் சிறியது. அதற்காக நிற்கும் வரிசைதான் பெரியது. சோதனைக் கூடத்தில், உலோகம் இருந்தால் கத்தும் கருவி வாசல் ஒன்றே ஒன்று. நாங்கள் உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டார்கள். முன்னே நகரவும் வழியில்லை, வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடிக்கவும் வழியில்லை. குளிரூட்டி இருந்தது, குளிர் இல்லை.

எனக்கு முன்னால் அரியாலையிலிருந்து வந்த பெண் ஒருவர் நின்றார். கணவருக்குச் சென்னையில் மறுநாள் காலை இதய அறுவைச் சிகிச்சை. அவரை உள்ளே கொண்டுபோக முன்னர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வரிசையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அவர் வாசலைக் கடந்தபோது கருவி கத்தியது. காப்புகளைக் கழற்றினார். மறுபடி கத்தியது. பெண் அதிகாரி அவருடைய தடித்த தாலிக்கொடியைக் காட்டினார்.

"அம்மா, அதையும் கழட்டித் தட்டில வையுங்க."

"பிள்ளை, அந்த மனுசன் நாளைக்குக் கத்திக்குக் கீழ கிடக்கப்போகுது. இண்டைக்கு நான் தாலியைக் கழட்டுறதோ?"

அதிகாரிக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் முன்னால் வைத்த தட்டை விலக்கவில்லை. பயணிகளை ஏறச்சொல்லி அறிவிப்பு வந்தது. எங்களில் ஒருவராலும் அசைய முடியவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தார். "அக்கா, கழுத்து வெறுமையா இருந்தால்தானே குற்றம். ஒரு மஞ்சள் கயிறைக் கட்டிப்போட்டுக் கழட்டுங்கோ."

கொடியைத் திருத்தக் கொடுக்கும்போது எங்கள் வீடுகளில் செய்வது அதுதான்.

"இஞ்ச கயிறுக்கு எங்க போறது? கோயில் வீதியே இது?"

வரிசையில் ஒரு பெரியவர் குனிந்து, தன் பையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். மஞ்சள் நைலோன். அதை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி அரியாலைப் பெண்ணிடம் போனார்.

அந்தப் பெண் பின்வாங்கினார். "ஐயோ அண்ணை, நீங்கள் கட்டிப்போடாதேங்கோ!"

"எனக்கு வீட்டில இருக்கிற ஒண்டே காணும், போதும் தங்கச்சி. இந்தாங்கோ."

வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பின்னால் நின்ற பெண்தான் கயிற்றை வாங்கி, மூன்று முடிச்சையும் இறுக்கிப் போட்டார். அதன் பிறகே கொடி தட்டில் இறங்கியது. கருவி கத்தவில்லை.

அரியாலைப் பெண் அப்பால் போய்க் கொடியை மீண்டும் அணிந்ததும் நைலோனை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. நானும் முயன்றேன்; அதிகாரியும் நகத்தால் முயன்றார். அந்தப் பக்கம் கத்தியோ கத்தரிக்கோலோ எவரிடமும் இல்லை. கடைசி அழைப்பு வந்தது.

"கிடக்கட்டும். அவருக்கு ஒப்பரேசன் முடியட்டும், பிறகு பாப்பம்," என்று சொல்லி, இரண்டையும் சேலைக்குள் தள்ளிவிட்டு, அவர் விமானத்தை நோக்கி ஓடினார்.