மழைக்குப் போட்ட ஓட்டை

பொத்துவில் பக்கத்திலிருந்து பசறை வழியாக அந்தப் படகு லொறியில் ஏறி வந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் தேர் பார்க்க வந்த மாதிரிக் கூட்டம் நின்றது. கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "ஏன்டி, கடல் இங்க வரப் போகுதா?" என்று ஒருத்தி கேட்டாள். "இவ வீட்டுக்காரருக்கு மட்டும் யாரோ சேதி சொல்லியிருக்காங்க," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எரிந்துகொண்டு வந்தது.

முன் சீட்டிலிருந்து என் கணவர் இறங்கினார். கல்யாணம் முடிந்த கையோடு வெளிநாட்டுக்குப் போனவர். அரபு நாட்டில் ஒரு பெரிய பணக்காரருடைய உல்லாசப் படகில் எஞ்சின் பார்க்கும் வேலை. லீவு கிடைக்கும்போது வருவார், பெட்டியைக் காலியாக்குவார், மறுபடி கட்டுவார். இந்தத் தடவை வேலை ஒப்பந்தம் முடிந்து வந்திருந்தார். வந்து கொஞ்ச நாளிலேயே, பொத்துவிலில் ஒரு ஹோட்டல்காரர் தூக்கி எறிந்த பழைய மோட்டார் படகைக் கண்டுபிடித்து, கைக்காசைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். சின்ன அறை வைத்த பைபர் படகு. அதுவும் ஒரு காலத்தில் வெள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது மேலெல்லாம் பாசி. சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு வெளியே வந்து கிடந்தது.

"என்னாங்க இது?"

"படகு."

"அது தெரியுது. எதுக்குன்னு கேக்குறேன்."

"மகியங்கனைப் பக்கம் கொளத்துல விட்டா, சுத்திப் பாக்க வாரவங்க ஏறுவாங்க. எல்லா வேலையும் நாமளே செஞ்சுக்கலாம்."

"பதுளை மலையில இருந்துகிட்டுப் படகு ஓட்டப் போறீங்க."

"ஓட்டுறது கீழ. பழுது பாக்குறதுதான் இங்க," என்றார், ஏதோ பெரிய நியாயத்தைச் சொல்லிவிட்ட மாதிரி.

முற்றம் முழுக்கப் படகுதான். துணி காயப்போடும் கொடியைக்கூடக் கழற்ற வேண்டியதாயிற்று. நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் இது ஒரு பெரிய குழந்தை. அழாது, ஆனால் அதன் அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

இரண்டாம் வாரம் ஒரு போன் வந்தது. அந்தப் பணக்காரரிடம் வேலை செய்யும் மலையாளி மேற்பார்வையாளர். நான் அடுப்படியில் இருந்தேன். "கொஞ்சம் டைம் தாங்க சார், யோசிச்சுச் சொல்றேன்," என்று இவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கூப்பிடுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து, பதுளை பஜாரில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் இரும்புக் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். நான் வாசலில் பையோடு நிற்க, இவர் உள்ளே அவரிடம் சொல்கிறார்: "இது மெதந்துட்டா ஒரு கவலயும் இல்ல நானா. இல்லாட்டி இருக்கவே இருக்கு."

என்ன இருக்கவே இருக்கு? கட்டுநாயக்காதான் இருக்கிறது, விமானம்தான் இருக்கிறது. அங்கேயே என் கணக்கை நான் போட்டுக்கொண்டேன். படகு மிதந்தால் மனிதர் வீட்டில் இருப்பார். முழுகினால் போய்விடுவார்.

போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்டு அவர் தங்கி, பிறகு வீட்டில் ஏதாவது கஷ்டம் என்று வந்தால் அத்தனைக்கும் என் வாய்தான் காரணமாகும் என்று பயம். ரோஷமும்தான். அதனால் அந்தப் படகை வாயால் திட்டிக்கொண்டே கையால் பார்த்துக்கொண்டேன்.

பைபர் வேலை என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. பழையதைத் தேய்த்து எடுக்கும்போது பறக்கிற தூசி உடம்பில் பட்டால், காஞ்சோண்டி பட்ட மாதிரி அரிக்கும். தேய்த்த இடத்தில் கண்ணாடி நார்த் துணியை வைத்து, ரெசின் பசையில் இறுக வைக்கும் மருந்தைக் கலந்து பூச வேண்டும். அரபு நாட்டு வெயிலில் அது பூசின கையோடு கல்லாகிவிடுமாம். எங்கள் மலையில்? மதியத்துக்கே பனி இறங்குகிற இடம். ஒரு நாள் போய், இரண்டு நாள் போய், மூன்றாம் நாளும் விரலை வைத்தால் பாகு மாதிரி ஒட்டியது. இவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து லயத்து வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைத்திருந்த பல்புகளை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். படகின் மேல் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டி உள்ளே தொங்கவிட்டோம். மறுநாள் தட்டிப் பார்த்தால் டக் டக் என்று சத்தம் வந்தது. "பாத்தியா!" என்றார் இவர். "பாக்காம என்ன, பல்பு கொண்டாந்ததே நான்," என்றேன். அப்பாடா என்று இருந்ததை முகத்தில் காட்டவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. எஞ்சினைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றினார். சுத்திப் பார்க்க வருபவர்கள் போன் சார்ஜ் பண்ணுவதற்கென்று கூரையில் சோலார் வைத்தார். தரைக்கு லினோலியம் ஒட்டினார். சீட்டு உறைகளை நான் தைத்தேன். அடியில் சேரும் தண்ணீரைத் தானாக இறைத்து வெளியே விடும் ஒரு குட்டிப் பம்பையும் வாங்கி வந்தார். "ஓட்டையே இல்லாத படகுக்குப் பம்பு எதுக்கு? எங்க புள்ளைங்களுக்கு நாப்கின் கட்டுற மாதிரியா?" என்று கேட்டேன்.

இதற்கிடையில்தான் டெங்கு சோதனைக்குச் சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. வந்தார். வீட்டைச் சுற்றிப் பூச்சட்டி, டயர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகப் படகுக்குள் எட்டிப் பார்த்தவர், இவரைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் முற்றம் சரிவு. படகின் மூக்கு கீழே, பின்பக்கம் மேலே. தண்ணீர் போவதற்கென்று படகிலேயே இருந்த துவாரம் பின்பக்கம். ஆகவே பெய்த மழையெல்லாம் முன்பக்கம் தேங்கி, அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் வழக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு வந்த கோபத்தில் டிரில் மெஷினை எடுத்து, மூக்கின் அடியில் ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் சளசளவென்று மண்ணில் இறங்கியது. "பொறகு மூடிக்கலாம்," என்றார்.

மலைக்காரருக்குத் தண்ணீர் என்றால் மேலேயிருந்து வருவது. கீழேயிருந்தும் வரும் என்பது, அத்தனை வருஷம் கடலில் கிடந்த இவருக்குக்கூட இங்கே வந்ததும் மறந்து போயிற்று. ஓட்டைக்கு மேல் நங்கூரக் கயிறு வைக்க ஒரு மூடி செய்தார். கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தார். ஓட்டை கண்ணிலிருந்து மறைந்தது. அடிப்பக்கம் மண்ணோடு மண்ணாகக் கிடந்ததால் பெயின்ட் அடிக்கும்போதும் யாரும் பார்க்கவில்லை.

நானாவின் லொறியில் படகை ஏற்றி, மகியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் ஊர்ந்து ஊர்ந்து போனோம். குளத்து மீனவர்களிடம் முன்பே பேசி வைத்திருந்தார். அவர்கள் கைகொடுத்துப் படகை இறக்கிவிட்டார்கள். நானாவை ஏறச் சொன்னோம். "எனக்கு நீந்தத் தெரியா தம்பி. நான் கரையிலேயே ஈக்கிறன்," என்றார். எனக்கும்தான் நீந்தத் தெரியாது. ஆனாலும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தேன். என் வாழ்க்கை என்ன ஆகப் போகிறது என்பதைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்க என்னால் முடியவில்லை.

மிதந்தது. எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்தது. கரை மெல்ல விலகியது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிக்க வாயெடுத்தேன். காலடியில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால், லினோலியம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் தண்ணீர்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பீ.எச்.ஐ. ஓட்டை!"

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இவர் முகம் வெளுத்துவிட்டது. நான் மூடியைத் தூக்கி, கயிற்றை இழுத்து எறிந்து, தண்ணீருக்குள் காலை விட்டுத் துழாவி, குதிகாலை ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினேன். "காலை எடுக்காத! எடுக்காத!" என்று கத்திக்கொண்டே படகைத் திருப்பினார். "நான் எங்க எடுக்குறேன், நீங்க ஓட்டுங்க!" என்று நானும் கத்தினேன். அந்தக் குட்டிப் பம்ப் முழித்துக்கொண்டு, பக்கவாட்டில் சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போவது போல விடாமல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நான் கிண்டல் பண்ணின பம்ப். மனதுக்குள் அதைக் கும்பிட்டேன்.

கரையில் ஒரு சிங்கள அம்மா குளித்துக்கொண்டிருந்தார். மீனவர்கள் படகைக் கரையில் இழுத்துப் போட்டதும் இறங்கி ஓடி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சி, அவருடைய உடுப்புச் சவுக்காரத்தில் பாதியை வாங்கினேன். எண்ணெய் கொண்டுபோகும் பவுசர் டாங்கி ஒழுகினால் டிரைவர்கள் சவுக்காரம் அப்புவதை ரோட்டில் பார்த்திருக்கிறேன். பிசைந்து ஓட்டையில் அடைத்து, மேலே ஒரு ரப்பர்த் துண்டை வைத்து, பலகையால் இறுக்கினோம். தண்ணீர் நின்றது. மறுபடி இறக்கினோம். குளத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓடி வந்தோம். தரை காய்ந்தே இருந்தது. கரையில் நானா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு உயிர் வந்தது. படகை மீனவர்களிடம் ஒப்படைத்துவிட்டு லொறியில் ஏறினோம். நானா ஓட்ட, இவர் நடுவில், நான் ஜன்னல் ஓரம். ஓட்டையைச் சரியாக மூட இன்னொரு நாள் வர வேண்டும் என்றார் இவர். அவ்வளவுதான். ரெசின் காயாத நாளில் இருந்த அதே முகம். பயந்துவிட்டாரா? தன் கையாலேயே போட்ட ஓட்டையை மறந்த வெட்கத்தில், இது நமக்குச் சரிப்படாது என்று முடிவெடுத்துவிட்டாரா? என் ரோஷமெல்லாம் அந்தக் குளத்திலேயே கரைந்துவிட்டது போலிருக்கிறது. நானா இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"போகாதீங்க. மெதந்தாலும் சரி, முழுகினாலும் சரி. போகாதீங்க."

"எங்க?"

"அந்த மலையாளி கூப்பிட்டாரே."

இவர் விழித்தார். நானாதான் பதில் சொன்னார். "அந்த ஆளுக்கு இவர் எப்பவோ வர ஏலாதுண்டு சொல்லிட்டாரே தங்கச்சி. ஒங்களுக்குத் தெரியாதா?"

இரும்புக் கடைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! அத்தனை நாள் நான் தூங்காமல் கிடந்ததெல்லாம் எதற்கு? "ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"ஒனக்குப் பயந்துகிட்டுத்தான்," என்றார். "படகு மெதந்து நாலு காசு வரட்டும், பொறகு சொல்லலாம்னு இருந்தேன். இல்லாட்டி தோட்டத்துத் தேயில ஸ்டோர்ல மெஷின் பாக்குற வேல இருக்குன்னு சொன்னாங்க, அதுக்குப் போயிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒவ்வொரு தடவையும் நான் வந்து பேக்கக் கீழ வைக்கிறதுக்குள்ள கேப்பியே, எப்ப பயணம், எப்ப பயணம்னு. நான் வீட்ல இருக்குறது ஒனக்கு எடஞ்சல்னு நெனச்சேன்."

"எத்தன நாள் கையில இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தானே கேட்டேன்," என்றேன். அழுதுவிட்டேன்.

நானா லொறியை ஓரமாக நிறுத்தினார். "டீ ஒண்டு குடிக்கணும் போல ஈக்கி," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த கடைக்கு இறங்கிப் போனார். என் கால் இன்னும் ஈரமாக இருந்தது.

"சரி, இப்ப கேளு," என்றார்.

"என்னத்த?"

"எப்பவும் கேக்குறதத்தான்."

"எப்ப பயணம்?" என்று கேட்டேன்.

"பயணம் இல்ல," என்றார்.

காது குளிர்ந்தது. நானா வருவதற்குள் இன்னொரு தடவை கேட்டேன்.