ஈர முடிச்சு

நம்புகிறவர்கள் நம்புங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. புதன்கிழமை, பிற்பகல் 2.40. பட்டப்பகல். வெளியே மழை.

நானும் அக்காவும் காட்டில் மூலிகை பறித்து விற்பவர்கள். இருமலுக்குக் குடிக்க ஒரு இலை, புண்ணுக்குத் தடவ ஒரு இலை. காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தடவுகிறதைக் குடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் பறித்த இடத்திலேயே நாரால் கட்டிவிடுவோம். குடிக்கிறதற்கு ஒரு முடிச்சு, தடவுகிறதற்கு இரண்டு.

"கதை பேசிக்கிட்டே கட்டாதடா, முடிச்ச எண்ணு" என்பாள் அக்கா. அவள் இடதுகைக்காரி. நாரை நாக்கில் நனைத்துத்தான் முடிச்சுப் போடுவாள்.

காய்ச்சல், இருமல் என்று படுத்தவள் ஒரே இரவில் போய்விட்டாள். நாற்பது நாளாகியும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் புதன்கிழமை எங்கள் தெருத் தையல்காரர் வந்து நின்றார்.

"பாப்பாவுக்கு ஒரே இருமலுங்க. ஏதாவது குடுங்க."

கொக்கியில் நான் கட்டிய கட்டுகள் ஒன்பது தொங்கின. எல்லாம் ஒற்றை முடிச்சு. ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, சுற்றிக் கொடுக்கத் தாள் எடுக்கத் திரும்பினேன்.

கிர்ர்ர்... நார் இறுகும் சத்தம்.

பார்த்தேன். இரண்டு முடிச்சு.

கண்தான் ஏமாற்றுகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தேன். தடவிப் பார்த்தேன். ஒற்றை முடிச்சுதான். மேசையில் வைத்துவிட்டுத் தாளுக்குக் கை நீட்டினேன்.

கிர்ர்ர்...

இரண்டு. தொட்டேன்... ஈரம். முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க, முகமே வெளிறிப்போச்சு?"

"நாளைக்கு வாங்க."

அவர் போனதும் அந்த இலையைக் கொதிக்கவிட்டேன். மணி 3.05. குடிக்கிற இலை என்றால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும்.

கருப்பு.

கொக்கியைப் பார்த்தேன். மிச்சம் ஏழு கட்டிலும் இரண்டு முடிச்சு. எல்லாம் ஈரம்...

ஒரே நாளில், கதை பேசிக்கொண்டே நான் கட்டியவை அவை. மொத்தம் பத்து. பத்தாவதை இருமலுக்கென்று அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். என் கையால்.

மழையிலேயே அக்கா வீட்டுக்கு ஓடினேன். மாமாவுக்கு இலை எதுவும் தெரியாது. அக்கா படுத்த அன்று அவர்தான் கஷாயம் வைத்தவர்.

"அன்னைக்குக் கஷாயம் என்ன நிறம் மாமா?"

"கருப்பு. என்ன இப்படி இருக்குன்னு நான்கூடக் கேட்டேன். அவ கண்ணையே தொறக்கல. 'தம்பி கட்டினது, தப்பா இருக்காது'ன்னு சொல்லிட்டுக் குடிச்சா."