மேல்வரிசை நாலு பல்

என் அக்காவுக்கு மேல்வரிசைப் பல் எடுப்பு. உதட்டை மூடினாலும் இரண்டு பல் எட்டிப் பார்க்கும். பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் உப்பேரியைக் கொறித்துவிட்டு, "சொல்லி விடுகோம்" என்று போனவர்கள்தான். ஒரு சொல்லும் வரவில்லை.

நாடு விடுதலையான மறுவருஷம் அது. பல்லுக்குக் கம்பி கட்டி உள்ளே தள்ளலாம் என்பதெல்லாம் பூதப்பாண்டியில் நாங்கள் கேள்விப்படாத சங்கதி. நாகர்கோவிலில் ஒரு பல் வைத்தியர், முன்பல் நாலையும் பிடுங்கிவிட்டுப் பல்செட்டு வைக்கலாம் என்றார். சொத்தை இல்லாத, நல்ல பல். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. ஈறு வற்ற ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் ஆறு வாரம் பொறுத்தார்கள். மூன்றாவதாகச் சுசீந்திரத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் அக்கா சிரித்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் சிரிப்பு இல்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எங்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னை இழுத்து அக்கா முன்னால் நிறுத்தினாள். எனக்குப் பத்து வயது.

"செட்டுக் காரியம் மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியப்பிடாது. இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுட்டி."

அக்கா என் உச்சந்தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மீறினால் போவது என் உயிர்.

இரண்டு வருஷம் கழித்து அவள் வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. ஈறெல்லாம் புண். செட்டைக் கழற்றி வைத்துப் புண்ணை ஆறவிட வேண்டும் என்றார் வைத்தியர். மறுநாளே அத்தான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்; கழற்றினால் அங்கே தெரிந்துவிடுமே!

"அத்தானிட்ட சொல்லேன் அக்கா" என்றேன்.

"போட்டி. உன் தலையில அடிச்சில்லா சொல்லியிருக்கேன்" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

எனக்கும் சாகப் பயமாக இருந்தது. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

புண் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் போய்விட்டாள். வாய்க்கரிசி போடும்போது செட்டு நழுவி வெளியே வந்தது. அம்மா முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். அத்தான் அவள் கையை விலக்கி, செட்டை எடுத்துத் தன் துண்டில் துடைத்தார்.

"மறைக்காண்டாம் மாமி. கல்யாணம் கழிஞ்ச மாசமே எனக்குத் தெரியும். அவளாட்டுச் சொல்லட்டும்னு இருந்தேன்."

அம்மாவை நான் கடைசிவரை மன்னிக்கவில்லை. என்னையும்தான். என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை; எழுபதைத் தாண்டியும், நரைத்துப்போய், அப்படியே இருக்கிறது.