ஃபதலுக்கு என்று எழுது

மேரிகிறேசுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவாள், அவ்வளவுதான். டென்மார்க்கில் ஸ்கீவ நகருக்கு வெளியே உள்ள அந்தப் பராமரிப்பு இல்லத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறாள். தனக்குச் சரியென்று படாத எந்தக் காகிதத்திலும் அவள் கையெழுத்து விழுந்ததில்லை. மன்னார்க்காரிக்குத் தலைக்கனம் என்று கோயிலில் சிலர் சொல்வதுண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன மாசி மாதம் அபிலியோவைத் தள்ளுகதிரையில் கொண்டுவந்து விட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது, ஃபியோர்ட் என்கிற கடல்நீரேரியில் மட்டி அள்ளும் படகில் வேலை, தனிக்கட்டை. பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அரைகுறையாகத் தெரிந்த டெனிஷும் ஆங்கிலமும் போர்த்துக்கீசமும் ஒரே நாளில் போய்விட்டன. ஆனால் பேச்சுப் போகவில்லை. மனிதர் திக்கித் திக்கி நாள் முழுக்க ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்.

கடவுச்சீட்டு போர்த்துக்கல் நாட்டினுடையது. ஆகவே கணினிப் பட்டியலில் போர்த்துக்கீசம் என்று அமத்தினார்கள், திரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "இது போர்த்துக்கீசம் இல்லை, எனக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை" என்று அவர் சொன்னார். பாவம், உள்ளதைத்தான் சொன்னார். பொறுப்புத் தாதி பிர்கிற்ற அதைப் பதியும்போது "அர்த்தமற்ற ஒலிகள்" ஆக்கிவிட்டாள். பிறந்த இடம் முதலில் போர்த்துக்கலும் பிறகு இந்தோனேசியாவும் ஆண்ட கிழக்குத் தீமோர் என்று கண்டு, அடுத்த கிழமை இந்தோனேசிய மொழிக்காரர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் வணக்கம் சொன்னதுதான் தாமதம், அபிலியோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒத்துழைக்கவில்லை" என்று பதிவானது.

அந்தச் சொல்லை வாசித்த மேரிகிறேஸ் பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தாள். எண்பத்தெட்டில் அகதியாக வந்து இறங்கியவளுக்கு முன்னால், இலங்கைதானே என்று ஒரு சிங்கள மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து இருத்தினார்கள். எதற்குப் பயந்து ஓடிவந்தாளோ அதே மொழியில் கேள்வி. அவள் வாயே திறக்கவில்லை. அவளுடைய கோவையிலும் அன்றைக்கு இதே சொல்லைத்தான் எழுதினார்கள்.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை கூட்டம். நிலைமை இப்படியே இருந்தால் அபிலியோவை மறதிநோய்ப் பிரிவுக்கு மாற்றுவது என்று பேச்சு. அங்கே இலக்கம் அமத்தினால்தான் கதவு திறக்கும். பேச்சுப் பயிற்சியும் நின்றுவிடும். புத்தி தெளிவாக உள்ள ஒரு மனிதர் மிச்ச ஆயுளைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் கழிக்க வேண்டியதுதான்.

புத்தி தெளிவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் "இரா, இரா" என்றார். இராவா என்று கேட்கிறாராக்கும் என்று எண்ணி அவள் திரையை விலக்கி, "இல்லை அண்ணை, நல்ல பகல்" என்று வெளிச்சத்தைக் காட்டினாள். மனிதர் தலையில் அடிக்காத குறை. இடது கையால் குழாயைக் காட்டி மறுபடியும் "இரா" என்றார். புரைக்கேறாமல் இருக்கத் தடிப்பாக்கிய தண்ணீரைக் கரண்டியால் ஊட்டியதும் அமைதியானார். பின்னேரமும் இரா, அடுத்த நாளும் இரா, ஒவ்வொரு முறையும் தண்ணீர். புத்தி பேதலித்தவன் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பானா?

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகள் கிளோறியாவிடம் அவருடைய ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னாள். லோஸ்பலோஸ். கிளோறியா கைபேசியைத் தட்டிவிட்டு, "ஃபதலுக்கு" என்றாள்.

"ஃபதலுக்கு என்ன?"

"ஒன்றுமில்லை. ஃபதலுக்கு" என்று மகள் டெனிஷில் சொன்னாள்.

"ஃபதலுக்கு என்னெண்டுதானே கேக்கிறன்? சொல்லி முடியன்ரி."

கிளோறியா சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டாள். அதுதான் அந்த மொழியின் முழுப்பெயர், கடைசியில் வருகிற 'க்கு' வேற்றுமை உருபு இல்லை என்று விளங்கப்படுத்த அவளுக்குத் தமிழ் போதவில்லை. தாய்க்கு விளங்கியபோது சிரிப்பு வரவில்லை. பல்லாயிரம் பேர் பேசுகிற மொழி, பெயரோடு இருக்கிறது. பட்டியலில் மட்டும் இல்லை.

அடுத்த நாள் அபிலியோவின் கைபேசியை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் பெருவிரலால் ஒரு பெயரைத் தொட்டார். வட அயர்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்யும் மச்சான் முறைக்காரன், ஜஸ்தினோ. ஆங்கிலம் தெரிந்தவன். அந்த இந்தோனேசிய விஷயத்தையும் அவன்தான் சொன்னான். இந்தோனேசிய ஆட்சியில், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி வாயில் வந்தால் அபிலியோவின் விரல் மூட்டில் பிரம்பு விழுமாம்.

வியாழக்கிழமை அபிலியோவையும் தள்ளிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனாள். வைத்தியர், பிர்கிற்ற, நகரசபைப் பெண் ஒருத்தி.

"நோயாளி தேவையில்லையே" என்றாள் பிர்கிற்ற.

"அவரைப் பற்றித்தானே கதை. இருக்கட்டும்."

பிர்கிற்ற கணினியைத் திருப்பிக் காட்டினாள். "நேற்று நீ சொன்ன மொழியைத் தேடினேன், பட்டியலில் இல்லை. வேண்டுமென்றால் 'வேறு' என்று போடலாம்."

"வேறு எண்டொரு மொழி உலகத்திலை இல்லை. ஃபதலுக்கு எண்டு எழுது. இடமில்லாட்டிக் குறிப்பிலை எழுது. எழுத்துக்கூட்டிச் சொல்லட்டோ?"

டெனிஷில் பேசத் தொடங்கியவள் எந்த இடத்தில் தமிழுக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று பேரும் விழித்தார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், விளங்காத மொழி எப்படியிருக்கும் என்று அவர்களும் ஒருக்கால் பார்க்கட்டும். திரும்ப டெனிஷில் சொல்லிவிட்டு, கைபேசியை மேசை நடுவில் வைத்து ஜஸ்தினோவை அழைத்தாள்.

"உறவினரை மொழிபெயர்க்க விடுவது விதிக்கு மாறு" என்றாள் பிர்கிற்ற.

"என்ரை பேரிலை முறைப்பாடு எழுது. இப்ப கேள்."

ஜஸ்தினோவின் குரல் வந்ததும் அபிலியோ நிமிர்ந்தார். பிறகு அவர் பேசினார். சொற்கள் தடக்கின, நின்றன, மறுபடி எழும்பி நடந்தன. ஜஸ்தினோ கேள்வி கேட்டான், அவர் பதில் சொன்னார். என்ன மாதம், எந்த ஊர், படகின் பெயர் என்ன, ஒன்றும் பிழைக்கவில்லை. ஒரு இடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடமாற்றம் இல்லை" என்றார் வைத்தியர் கடைசியில். "பயிற்சி தொடரட்டும்."

பிர்கிற்ற கெட்டவள் இல்லை. முகம் சிவந்துபோய், "அவருக்கு எங்களிடம் ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள்" என்றாள் கைபேசியைப் பார்த்து.

ஜஸ்தினோ கேட்டான். அபிலியோ யோசித்து, நிதானமாக, நீளமாகச் சொன்னார்.

"மூன்று கிழமையாக அவர் பேசப் பேச நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தீர்களாம்" என்றான் ஜஸ்தினோ. "என்ன எழுதினீர்கள் என்று அவருக்கு வாசித்துக் காட்டட்டாம். நான் மொழிபெயர்க்கிறேன்."

பிர்கிற்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தாள். பெயர், பிறந்த திகதி. இரண்டாவது வரி, எந்தப் பக்கம் வழங்காது என்பது. மூன்றாவது வரி "அர்த்தமற்ற" என்று தொடங்கியது, அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அபிலியோ காத்திருந்தார்.

"வாசி" என்றாள் மேரிகிறேஸ்.