வெள்ளைப் பூ கொடுத்த பெயர்

இணையதளம் கட்டிக் கொடுப்பது என் தொழில். கட்டுவதெல்லாம் சுலபம், அதற்குப் பெயர் வைப்பதில்தான் உயிர் போகும். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகள் இருந்தால் கேளுங்கள், உங்களுக்குத்தான் புரியும்.

பூ கேட்டாச்சு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் கடைக்கு ராசிபுரத்திலிருந்து சரஸ்வதியக்கா வந்தார். கணவர் போன பிறகு நெய் காய்ச்சி விற்று இரண்டு பெண்களைப் படிக்க வைப்பவர். நெய்க்கும் இணையதளத்துக்கும் குலதெய்வத்தின் பெயர்தான் வேண்டும் என்றார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இதே பெயரில் வேறு யாராவது நெய்க்கு டிரேட்மார்க் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம் என்றேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதானாலும் கல்யாணம் முடிப்பதானாலும் கோயிலில் பூ கேட்பார்கள். இரண்டு பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பது; வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"ஆத்தாளே வெள்ளைப் பூ குடுத்துட்டாளுங்க சாமி. அதுக்கு மேல நீங்க கம்ப்யூட்டர்ல என்னத்தப் பாக்கோணும்?"

சங்ககிரிக்காரர்

அந்தப் பெயரில் இணைய முகவரியை ஏற்கெனவே சங்ககிரி சண்முகம் வாங்கி வைத்திருந்தார். லாரிகளை விற்றுவிட்டு, மனை வாங்கிப் போடுவதுபோல இணையப் பெயர்களை வாங்கிப் போடுகிறவர். எனக்கு மனசு கேட்காமல் நானே தேடிப் பார்த்தேன். வெளியூர் நெய் கம்பெனி ஒன்று அதே பெயரை முறையாகப் பதிந்திருந்தது. பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தால், அதற்குள் செயினை அடகு வைத்து இணையப் பெயரை சண்முகத்திடம் வாங்கிவிட்டிருந்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பாட்டில்களுக்கு லேபிளும் அடித்தாகிவிட்டது.

தீபாவளிக்குப் பெங்களூர் வரை நெய் போனது. பொங்கலுக்கு முன் வக்கீல் நோட்டீஸ் வந்தது: பெயரை விட வேண்டும், இணையதளத்தை ஒப்படைக்க வேண்டும். சண்முகத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன். அந்தக் கம்பெனியிடமே நல்ல விலைக்குத் தள்ளலாம் என்று வாங்கினாராம். அவர்கள் கேஸ் போடுவோம் என்றதும் அக்கா தலையில் கட்டிவிட்டார். மனுஷனுக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

"எடம் வாங்கறவங்கதானுங்க வில்லங்கம் பாக்கோணும், விக்கறவன் எதுக்குங்க சொல்றான்?"

ஒரே கோயில்

இணையதளத்தை நானே மூடினேன். கட்டியவன் கையாலேயே மூடுவது கொடுமை. ராசிபுரம் போனபோது தாயும் மகள்களும் பாட்டில்களை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். புதுப் பெயரில் முதலில் அனுப்பிய நெய்யை யாரும் சீண்டவில்லை. மூத்தவள் கல்லூரியை விட்டு மில் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள்.

மாசியில் குலதெய்வம் கோயில் பொங்கலுக்குப் போன அக்கா, அங்கே அந்தக் கம்பெனி முதலாளியைப் பார்த்திருக்கிறார். அவரும் அதே குலம், பங்காளி முறை. காலில் விழாத குறையாக அக்கா கேட்டாராம். அவர் மரியாதையாகத்தான் பேசினாராம். பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்றுவிட்டாராம். அக்கா இதை என் கடையில் உட்கார்ந்து, அழாமல் சொன்னார்.

"அவுங்களும் பூக் கேட்டுத்தான் பேரு வெச்சாங்களாமுங்க. அதே ஆத்தா, அதே வெள்ளைப் பூ. நான் இனி எந்தக் கோயல்ல போயி நாயங் கேக்கறதுங்க?"

ஆத்தா கேட்டவர்களுக்கெல்லாம் பூ கொடுத்துவிடுகிறாள். டிரேட்மார்க் ஆபீஸ்தான் முந்தி வந்தவருக்கு மட்டும் கொடுக்கிறது.