குளிரறையின் தரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நான்காம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன ஒருவர் மேல் விழுந்த பழி என்னுடையதாக இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

பர்மாவில், ஷ்வேப்யிதா என்ற ஊரில் ஒரு கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த இறாலைப் பெட்டிகளில் அடுக்கும் குளிரறையைப் பார்த்துக்கொள்ள இன்சீனிலிருந்து ஒரு தம்பி வருவார். சொந்தத் தம்பி இல்லை. அங்கே தமிழ் பேச எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆளில்லை, அதனால் நான் அவருக்கு அக்கா. வெளியே வெயில் கொளுத்தும்போது கம்பளிக் குல்லாயோடு வந்து நிற்பார்.

அந்த அறையின் பின்சுவரில், மண்ணை ஒட்டி நாலைந்து குழாய் வாய்கள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் ஒன்றுக்குள் பாம்பு நுழைவதைப் பார்த்தேன். பெண்கள் நாங்கள் ஒதுங்கப் போகிற இடம் அது. யாரிடமும் சொல்லக் கூச்சம். நானே எல்லாவற்றிலும் கோணியைத் திணித்துவிட்டேன். பிறகு புல் வளர்ந்து மூடியது, நானும் மறந்தேன்.

அடுத்த வருஷம் அறையின் நடுத்தரை மெல்ல மேலெழும்பியது. பெட்டி வண்டி உருளவில்லை. தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, தரைக்கு வயிறு வந்திருச்சு. எத்தன மாசம்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

சிரித்தேன். மேனேஜர் சொன்னபடி உளியால் கொத்திச் சமப்படுத்தினார். மறுபடி எழும்பியது, மறுபடி கொத்தினார்.

பிறகு வெயில் காலத்தில் கரண்டு போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மூன்றாம் நாள், இறால் கெடுவதற்குள் பெட்டிகளை லாரியில் ஏற்றச் சொன்னார்கள். தம்பி உள்ளே இருக்கும்போது தரை ஒரு பக்கமாக உள்வாங்கி, இரும்பு அடுக்கு அப்படியே பெட்டிகளோடு அவர் மேல் சாய்ந்தது. நாங்கள் இழுத்து இழுத்துப் போட்டோம். குல்லாய்தான் முதலில் கைக்குக் கிடைத்தது.

விசாரிக்க வந்த எஞ்சினியர் பர்மியத்தில் மேனேஜருக்கு விளக்கியதை, தரை கழுவிக்கொண்டிருந்த நான் கேட்டேன். வடக்கே பனிமலைப் பக்கம் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பாறையையே மேலே தூக்குமாம். அது இளகினால் மண் சேறாகி, மலைச்சரிவே வழுக்கி இறங்குமாம். சில இடங்களில் மலையின் உருவமே அப்படித்தான் மாறுகிறதாம். குளிரறைக்கு அடியிலும் அதுவே நடக்கும், அதைத் தடுக்கத்தான் குழாய் போட்டுச் சூடான வெளிக்காற்றை விடுவது என்றார். குழாயெல்லாம் திறந்துதானே இருந்தது என்று கேட்டார். மேனேஜர் போய்ப் பார்க்காமலே, எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றார். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். தரையைக் கண்டபடி கொத்தியதே காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று வேலை முடிந்ததும் புல்லை விலக்கிக் கோணிகளை இழுத்தேன். மாதக்கணக்கில் மழை இல்லை. கோணிகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

தம்பியின் மகளைப் போன மாதம் இன்சீன் மார்க்கெட்டில் பார்த்தேன். பர்மியம்தான் அவளுக்குச் சரளம். எனக்காகத் தமிழில் பேசினாள்.

"அப்பா தானே கொத்தினாரு, தானே விழுந்தாரு, அத்தை."

இதைப் படிப்பவர்களில் மண்ணும் பனியும் தெரிந்தவர் யாராவது இருந்தால் நான் சொன்னதைச் சரிபாருங்கள். குழாய் நாலா ஐந்தா, நினைவில்லை. பின்பக்கம் மட்டும்தான் அடைத்தேன், அது போதுமா? கொத்தியதால் இல்லை, கோணியால்தான் என்றால் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவளிடம் வாயால் சொல்ல எனக்கு வராது. தாளைக் கொடுத்துவிட்டு அவள் முன்னால் நிற்பேன்.